கங்கப்பன் திரும்பிச் சிரிக்கும் இடம்

மூக்கண்டப்பள்ளியில் கமலக்கண்ணன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேபிள்காரன் என்றால்தான் தெரியும். இப்போது அதுவும் போய் நெட்காரன் ஆகிவிட்டேன். ஒரே ஃபைபர் இணைப்பில் நெட், டிவி, ஓடிடி ஆப் எல்லாம் கொடுக்கிறேன். அதையும் செய்யாவிட்டால் ஓசூரில் கடையைச் சாத்த வேண்டியதுதான். பழைய கேபிளைக் கழற்றும்போது வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப்பொய்.

வருத்தமெல்லாம் என் லோக்கல் சேனலுக்காகத்தான். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, காணாமல்போன ஆடு எல்லாம் அதில் வரும். மலைக்கோயில் தேருக்கு முந்தின நாள் சாயங்காலம், நானே எடுத்த பழைய தேர் வீடியோவைப் போடுவேன். வருஷா வருஷம் அதே வீடியோதான், யாரும் அலுத்துக்கொண்டதில்லை. அதில் ஓரிடத்தில், தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்ட கங்கப்பன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். உடனே எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரலில் “கங்கப்பா!” என்று சத்தம் எழும். தெருவே அதிரும்.

ஒருநாள் ஷிஃப்டுக்குப் போன அண்ணன் மாரடைப்பில் அங்கேயே போய்விட்டார். அதன் பிறகும் தெரு கத்துவதை நிறுத்தவில்லை. அவர் மனைவி முனிலட்சுமி அக்கா மட்டும் அந்த நேரத்தில் டிவியை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார். ஏன் என்று நான் யோசித்ததே இல்லை.

இந்த வருஷம் கேபிளோடு லோக்கல் சேனலும் போயிற்று. ஏதோ பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, அந்த வீடியோவைப் பென்டிரைவில் போட்டு அக்காவிடம் நீட்டினேன்.

“இனிமே தேர் வரைக்கும் காத்திருக்க வேணாம்க்கா. எப்ப தோணுதோ அப்பப் பாத்துக்கலாம்.”

அக்கா அதைத் தொடக்கூட இல்லை.

“எனக்கு எதுக்கு கண்ணா இது? அவரு மூஞ்சி எனக்கு மறந்தா போச்சு? தெருவே அவரைக் கூப்புடுமே, அதைக் கேக்கத்தான் வருசம் பூரா உக்காந்திருக்கேன். அது இதுல வருமா?”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் கேபிள் ஓட்டியும் இது தெரியவில்லையே என்று என்மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலை வீட்டுக்குப் போய் மனைவி சுமலதாவிடம் காட்டினேன்.

“ஆப்புல கண்ட கண்ட சேனலெல்லாம் வருது. உங்க சேனல் ஒண்ணு வரக்கூடாதா?” என்றாள்.

ஆப் கம்பெனிக்காரர்களை நச்சரித்து, என் சேனலையும் அதில் ஏற்ற வைத்தேன். தெரு வாட்ஸ்ஆப் குரூப்பில் சொல்லியும் வைத்தேன். ஆனாலும் பயம்தான். ஒருத்தர் டிவியில், ஒருத்தர் செல்போனில், ஒருத்தர் கிரிக்கெட்டில் கிடப்பார்கள். யார் பார்ப்பார்கள், யார் கூப்பிடுவார்கள்?

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் வீடியோவை ஓடவிட்டு, போனும் கையுமாக அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என் போனில் அண்ணன் கட்டையைப் போட்டார், முகம் துடைத்தார், சிரித்தார். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை.

அப்போது கோடி வீட்டிலிருந்து, “கங்கப்பா!”

கொஞ்சம் பொறுத்து எதிர் வீட்டிலிருந்து கன்னடத்தில், “நோடு, நோடு! கங்கப்பண்ணா!”

அது அடங்கியதும் மாடி வீட்டிலிருந்து தெலுங்கில், “அதிகோ கங்கப்பா!” பின்சந்தில் இன்னொரு குரல். அதற்கப்புறம் இன்னொன்று.

“மன்னிச்சிடுக்கா. நெட்டுல ஒவ்வொரு வூட்டுக்கும் முன்னப் பின்னத்தான் போவும். கேபிள் மாதிரி எல்லாருக்கும் ஒண்ணா வராது” என்றேன்.

“சும்மா இருடா, கேக்க வுடு.”

கடைசிக் குரல் தெருமுனையில் அடங்கும்வரை அக்கா அசையவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போன மனுசன், கண்ணா. இன்னிக்கு வூடு வூடா நின்னு சொல்லிக்கிட்டுப் போறாரு.”