கேள்வி வந்து சேரும் வரை

எனக்குக் காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் "அடடா, பாவம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. பேச்சை மட்டும் விட்டுவிட்டுப் போனது. "அதையும் சேர்த்து எடுத்துட்டுப் போயிருக்கலாம்" என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஆக, என் பிரச்சினை காது இல்லை. என் ஆபீஸ் லேப்டாப்பில் குடியிருக்கும் ஆன்டிவைரஸ்தான்.

லிஃப்ட் பராமரிப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் போக வேண்டும், எந்தக் கயிறு மாற்றும் நாள் நெருங்குகிறது, எந்தக் கதவு அடிக்கடி சிக்குகிறது என்று பார்த்து வேலையைப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. மெக்கானிக்குகளோடு எல்லாம் மெசேஜில்தான், அதில் ஒரு குறையும் இல்லை. காலைக் கூட்டம்தான் தலைவலி. நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பேசுவார்கள். மேனேஜர் நடந்துகொண்டே பேசுவார், அதோடு அந்த மீசை வேறு. நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவேன். நடமாடும் மீசையை யார் படிப்பது? அதனால் லேப்டாப்பில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கி வரிவரியாகக் காட்டும். வீட்டு லேப்டாப்பில் போட்டால், பேசுகிற ஆள் வாயை மூடுவதற்குள் வரி வந்துவிடும்.

ஆபீஸ் லேப்டாப்பில் அந்தப் பாக்கியம் கிடையாது. அந்த ஆன்டிவைரஸ் வந்த புதிதில் வைரஸை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் ஒவ்வொரு அப்டேட்டிலும் ஒரு சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தது. பாஸ்வேர்டு பெட்டி வந்தது, இன்டர்நெட் காவல் வந்தது, குப்பை கூட்டுகிற ஒன்று வந்தது, கம்ப்யூட்டரை வேகமாக்குகிற கருவி ஒன்றும் வந்தது. அந்த வேகக் கருவி ஓட ஆரம்பித்தால் மற்றதெல்லாம் நின்றுவிடும். இதற்கெல்லாம் மேலே, தினமும் காலைக் கூட்டம் தொடங்குகிற நேரம் பார்த்து முழு ஸ்கேன். ஃபேன் இரைவது எனக்குக் கேட்காது, மேஜையில் வைத்த கைக்குத் தெரியும். பச்சைக் கேடயம் ஒன்று திரையின் மூலையில் எழும்பி, "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று என் வரிகளின் மேலேயே வந்து உட்காரும். வயிறு எரியும்.

கம்ப்யூட்டர் மெதுவானால் மற்றவர்கள் திட்டிக்கொண்டே எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். எனக்கு அப்படி இல்லை. எல்லோரும் ஒரு நகைச்சுவைக்குச் சிரித்து ஓய்ந்து, அடுத்த விஷயத்துக்குப் போன பிறகு எனக்கு அந்த வரி வரும். நான் மட்டும் தனியாகச் சிரிப்பேன். ஒருநாள் எதிரே இருந்த ஒரு சூப்பர்வைசரின் உதட்டில் "டியூப்லைட்" என்ற வார்த்தையைப் படித்தேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கேள்வி வரியாக வந்தாலும், யாரும் முந்துவதற்குள் படீரென்று பதில் சொல்லிவிடுவது. யாரும் என்னை மந்தம் என்று நினைத்துவிடக் கூடாது.

இதில் எனக்கு ஒரே துணை பக்கத்து சீட்டு அக்கா. என்னைவிடச் சீனியர், அவருக்கும் என் வேலையேதான். என் திரை அவர் கண்ணில் படும். வரிகள் ரொம்பப் பின்தங்கிவிட்டால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவார். பொறு, இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அந்த அதிர்வு என் முழங்கைக்கு வந்து சேர்ந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரும் அவ்வளவு வேகமாக எனக்கு எதையும் சொன்னதில்லை.

இந்த ஆன்டிவைரஸை எடுக்கச் சொல்லி நான் கேட்காத ஆள் இல்லை. எங்கள் சிஸ்டம் ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் ரீஸ்டார்ட். எதைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்.

"மேடம், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"பண்ணேன். ஸ்கேனும் புதுசா முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

"எடுக்கணும்னா மேனேஜர் கையெழுத்து வேணும் மேடம். பாலிசி."

மேனேஜரிடம் போனேன். "செக்யூரிட்டி விஷயம்மா, அதுல விளையாட முடியாது. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார். அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டேன்.

அப்போதுதான் நகரத்து ஆஸ்பத்திரி லிஃப்டுகள் எல்லாவற்றையும் எங்கள் கம்பெனி எடுத்தது. அதை ஒரே ஆளிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. எனக்கு அது வேண்டும். பதவி உயர்வு என்பதால் மட்டும் இல்லை. அந்தக் காய்ச்சலில் என்னை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவு மூடப் பார்த்துத் திறந்து, மூடப் பார்த்துத் திறந்து, தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. நடைபாதையில் படுத்தபடி அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் தெளிவாகக் கேட்ட கடைசிச் சத்தங்களில் அது ஒன்று. கதவு ரோலர் தேய்ந்திருக்கிறது, யாரோ பார்க்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அந்த ஜுரத்திலும் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டுகளுக்கு மட்டும் தனியாக ஒரு பராமரிப்புத் திட்டம் போட்டு, மேனேஜருக்கு முன்பே அனுப்பியும் வைத்திருந்தேன்.

அன்றைய கூட்டத்தில் முதலில் கதவு ரோலர் பற்றிப் பேச்சு வந்தது. விலை குறைவு என்று முன்பு ஒரு கடையில் வாங்கிய ரோலர்கள் ஒரே மாதத்தில் நசுங்கி, கட்டடம் கட்டடமாகப் போய் நாங்கள் திட்டு வாங்கியிருந்தோம். திரை நின்று நின்று வந்தது. கை வைத்த இடத்தில் மேஜை சுட்டது. கடைசியில் ஒரு வரி வந்தது: "அந்தக் கடையிலயே திரும்ப வாங்கலாமா?" மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத்தான் கேட்கிறார் என்று வழக்கம்போல முந்திக்கொண்டேன்.

"வேண்டவே வேண்டாம் சார்! ஒரு தடவை பட்டது போதாதா?"

ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் தலையசைத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அக்காவும் தலையசைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். ரோலர் வேண்டாம் என்றதற்கா இவ்வளவு கைதட்டல் என்று நானும் சேர்ந்து தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிகள் வந்தன.

"சரி, ரோலர் விஷயம் அப்புறம். ஆஸ்பத்திரி லிஃப்ட் எல்லாத்தையும் நீங்க எடுத்துக்கிறீங்களாம்மா?"

அதற்குக் கீழே என் பதில், ஆச்சரியக்குறியோடு. அதற்கும் கீழே, "சரி, அவங்க வேண்டாங்கிறாங்க. அக்கா, நீங்க?"

கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கைதட்டலில் எழுந்து "சார், நான் ரோலரைச் சொன்னேன்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அத்தனை பேரும் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பும் எனக்குத் தாமதமாகத்தான் வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் மனதை அதைவிட அறுத்தது வேறு. மேஜை அதிரவில்லை. அக்கா தட்டவில்லை.

மதியம் மாடிப்படியில் அவரே என்னைத் தேடி வந்தார். எனக்குப் புரியட்டும் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"உன் ஸ்கிரீன்ல வரல. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தட்டல?"

"கை எழுந்துச்சு. எனக்கும் ஆசை இருந்துச்சு. நான் எத்தனை வருஷமா இதே சீட்டுல உக்காந்திருக்கேன்னு உனக்குத் தெரியாதா?" அவர் கண் கலங்கியது. "ஒரு நிமிஷம் சும்மா இருந்தேன். அவ்ளோதான் பண்ணேன்."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே கத்தியிருப்பேன். ஆனால் என் குரல் எவ்வளவு உயர்கிறது என்று எனக்கே தெரியாது, ஆபீஸ் முழுக்கக் கேட்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நான் போய் சார்கிட்ட சொல்லிடறேன். நீயே எடுத்துக்கோ" என்றார்.

"நீங்க குடுத்து நான் வாங்கிக்கணுமா? வேணாம்க்கா. கேட்டவரே திரும்பக் கேக்கட்டும்."

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். ஆன்டிவைரஸ், அக்கா, மீசை, ஒருவரையும் விடவில்லை. அவர் வெங்காயம் நறுக்கியபடி பொறுமையாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் சரி. நீ ஏன் அவ்ளோ அவசரமா பதில் சொன்னே?"

"லேட்டா சொன்னா டியூப்லைட்னு சொல்வாங்க."

"சொல்லட்டுமே. நீ வேகமா சொன்னதுல இப்ப என்ன கிடைச்சுது?"

எரிச்சலாக வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோருடைய வேகத்துக்கும் ஈடுகொடுக்க நான் மட்டும் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நில்லுங்கள் என்று ஒருநாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம்.

மறுநாள் கூட்டத்துக்கு முன்பே மேனேஜர் அறைக்குப் போனேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர் நம்பாமல் என் லேப்டாப்பை வாங்கிப் பார்த்தார், பிறகு நேற்றைய கூட்டக் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கத் தன்னுடைய லேப்டாப்பைத் திருப்பி எனக்கும் காட்டினார். தட்டியதும் எல்லாம் பட்டென்று திறந்தது. மூலையில் பச்சைக் கேடயத்தைக் காணோம்.

"சார், உங்க லேப்டாப்ல அந்த ஆன்டிவைரஸ் எங்கே?"

"அதுவா? ரொம்ப ஸ்லோ பண்ணுச்சும்மா. எரிச்சல் தாங்கல, போன வருஷமே எடுக்கச் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மீசைக்குக் கீழே வாய் திறந்தபடி நின்றது.

"உங்களோடது மெதுவா இருந்தா உங்களுக்கு எரிச்சல் சார். என்னோடது மெதுவா இருந்தா எனக்குக் காதே இல்ல" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரீஸ்டார்ட்டுக்கு அங்கேயே மெசேஜ் அனுப்பினார். மதியம் வந்து எடுக்கிறேன் என்று பதில் வந்தது. பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார்:

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நீங்க வேண்டாம்னதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரி வேலை. அவசரம்னா உங்களால எப்படி முடியும்னு... அதான் ரெண்டாவது தடவை கேக்கல."

அதைக் கேட்டு அழுகை வந்தது. அழவில்லை. இத்தனை நாளும் மெதுவாக இருந்தது என் லேப்டாப் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவசர போன் கன்ட்ரோல் ரூமுக்குத்தான் வருது சார், நம்ம மேஜைக்கு வர்றதில்ல. என் வேலை அந்த போனே வராம பார்த்துக்கிறது. நான் அனுப்பின திட்டத்தைப் படிச்சீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"படிச்சுடுங்க. படிச்சுட்டுக் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் கேளுங்க. மாட்டேன்னு நினைச்சா மாட்டேன்னு அங்கயே சொல்லுங்க."

அன்றைக்குக் கூட்டம் தாமதமாகத் தொடங்கியது. அவர் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார், கையில் என் திட்டத்தின் பிரின்ட் இருந்தது. மேஜை சூடாகிக்கொண்டிருந்தது, ஸ்கேன் பாதியில் இருந்தது. அக்கா எனக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் நடக்காமல் ஒரே இடத்தில் நின்று, என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த மீசையையும் மீறி ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

வாய் வரை பதில் வந்துவிட்டது. விழுங்கினேன். "இன்னும் வரல சார். இருங்க" என்றேன்.

திரையில் முதலில் யாரோ ஜன்னலைச் சாத்தச் சொன்னது வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. சூப்பர்வைசர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் பேனாவை மூடித் திறந்தார். மேனேஜர் மறுபடி சொல்ல வாயெடுத்தார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தேன். முதல்முறையாக அந்த அறையில் எல்லோரும் என்னோடு சேர்ந்து காத்திருந்தார்கள்.

கடைசியில் வரி வந்தது. "திட்டத்தைப் படிச்சேன். ஆஸ்பத்திரி லிஃப்ட் எல்லாத்தையும் நீங்க எடுத்துக்கிறீங்களா?"

ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு, "எடுத்துக்கிறேன் சார்" என்றேன்.

எதிரே அக்கா ஏதோ சொன்னார். முகத்தைக் கைக்குட்டையால் பாதி மூடியிருந்ததால் உதடு தெரியவில்லை. அதுவும் வந்து சேரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்து போகவில்லை.