மூன்றாவது முறை வாய் திறக்கக் கூடாது

தமிழ்நாடு–கேரள எல்லையில், கொல்லயில் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எழுபத்தைந்து வருடமாகச் சொந்தப் பாட்டு கிடையாது. அன்று காலை அசெம்பிளியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைமை ஆசிரியர் கிருஷ்ணன்குட்டி ஒரு விதி வைத்திருந்தார். எழுதியவர் இரண்டு முறை பாட வேண்டும். மூன்றாவது முறை அவர் வாய் திறக்கக் கூடாது. பள்ளிக்கூடமே பாடினால்தான் அது பள்ளிக்கூடத்தின் பாட்டு.

ஆர்யாவின் பாட்டுக்கு மூன்றாவது முறை காக்கை மட்டும் கரைந்தது. அகிலேஷின் பாட்டை நாலு பேர் தொடங்கி, இரண்டாம் வரியில் நழுவிவிட்டார்கள்.

அடுத்தது பத்தாம் வகுப்பு ரினி.

"ஏட்டி, ஒனக்க பாட்டு தமிழா, மலையாளமா?" என்று பின்னால் நின்ற ஜித்தின் கிசுகிசுத்தான்.

"ரெண்டும் உண்டு."

"எல்லாவனும் கூவி கேலி செய்யப்போறானுவ."

"நீ வாய மூடுலே. வீட்டில நீ எதுல பேசுதே?"

பஸ்ஸில் எழுதிய பாட்டு அது. ஒரு வரி தமிழ், ஒரு வரி மலையாளம் என்பதே லேகா டீச்சர் சத்தமாக வாசித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. மணியடிக்குமுன் ஒரே மொழியாக்கச் சொன்னார் டீச்சர். முயன்றாள், மெட்டு நொண்டியது. அப்படியே விட்டுவிட்டாள்.

மைக் முன்னால் நின்று பாடினாள்.

"மழை பெய்தால் மைதானம் குளம்,
பெல்லடிச்சால் ஞங்ஙள் கடல்..."

முதல் முறை சிரித்தார்கள். மைதானம் குளமாவதும், மணியடித்தால் 'நாங்கள்' கடலாவதும் உண்மைதானே. இரண்டாம் முறை சில கால்கள் தாளம் போட்டன.

பிறகு ரினி உதடுகளை இறுக்கிக்கொண்டாள். யாரும் பாடவில்லை. கொடிமரத்துக்கு இந்தப் பக்கம் தமிழ் வகுப்புகள், அந்தப் பக்கம் மலையாள வகுப்புகள். ஐந்தாம் வகுப்பு வரிசையில் ஒரு சின்னப் பெண் சுருதி தப்பி, "மழை பெய்தால்" என்றாள். தமிழ்ப் பக்கம் முழுதும் அதைப் பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்கம் விடுமா? "பெல்லடிச்சால்" என்று திருப்பி எறிந்தது. அடுத்த வரி இங்கிருந்து, அதற்கடுத்தது அங்கிருந்து, பந்துபோல. அவள் பாடியதைவிட இரண்டு மடங்கு வேகம். கடைசியில் ஜித்தினின் வரிசை, "ஞங்ஙள் கடலாக்கும்" என்று முழங்கியது. ஊர்ப்பேச்சில் அழுத்திச் சொல்ல ஒட்டும் அந்த 'ஆக்கும்' அவள் எழுதியதே இல்லை. திருத்த நாக்கு துடித்தது. வாய் திறந்தால் தோற்றுப்போவாள்.

கிருஷ்ணன்குட்டி சார் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னும் ஒருக்கா. இனி நீயும் பாடலாம் மக்கா."

ரினி முந்நூறு பேரோடு சேர்ந்து, "கடலாக்கும்" என்றே பாடினாள்.