ரசமட்டம் குனிந்திருந்த வாரம்

அந்த டைல்ஸ் மேஸ்திரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வேலை நடக்கும் இடங்களில் எல்லோருக்கும் அவர் ரசமட்டம்தான். தரை மட்டமாக இருக்கிறதா என்று குழாய்க்குள் குமிழி ஆடிக் காட்டும் அந்தக் கருவியை அவர் கையால் தொட்டதே இல்லை என்பதால் வந்த பட்டம். "அது எதுக்கு? நான் இருக்கேன்ல" என்பார். தரையோடு தரையாகப் படுத்து, கன்னத்தைச் சிமெண்டில் பதித்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணால் ஒரே ஒரு பார்வை. "அந்த மூலை ஒரு மயிரிழை தூக்கியிருக்கு, தட்டு." அளந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். இந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி. இன்னொருவன் அவளுடைய தம்பி. ரசமட்டத்தோடு கூட்டாக வேலை எடுத்துச் செய்பவன்.

சண்டை ஒரு வக்கீல் வீட்டுக் கூடத்தில் வந்தது. காலையிலிருந்து மைத்துனன் முட்டி தேயத் தவழ்ந்து பாதிக் கூடத்தை முடித்திருந்தான். ரசமட்டம் சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வந்து, படுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். டைல்களுக்கு நடுவே ஓடிய கோடு, பாதி தூரம் ஒழுங்காகப் போய், நடுவில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நெளிந்தது.

"என்னடா இது? கோடா, வாய்க்காலா?"

"நேராத்தான மாமா இருக்கு."

மைத்துனன் நூல் பிடித்துக் காட்டினான். நூலும் நெளிந்தது. "தொய்வா புடிச்சிருக்க" என்றார். அவன் புதிதாக வாங்கிய லேசர் கருவியை எடுத்து வைத்தான். சிவப்புக் கோடு சுவர் வரை ஓடியது. அதுவும் நெளிந்தது.

"லேசரே கோணல். எங்கயோ கீழ போட்டிருக்க."

வாசலில் நின்றிருந்த வக்கீல் ஆயுசில் எத்தனையோ வாதங்களைக் கேட்டவர். வெளிச்சம் வளைந்து போகிறது என்று ஒருவர் அடித்துப் பேசி அவர் கேட்டதில்லை. ரசமட்டமோ சுத்தியலை எடுத்து இரண்டு வரிசையைப் போட்டு உடைத்தார். உடைத்த சூட்டோடு, வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "மூஞ்சில இருக்கறது கண்ணா, பொத்தலாடா?" என்று கேட்டும்விட்டார்.

மைத்துனன் எழுந்தான். கரண்டியை வாளியில் போட்டான். கை கழுவினான். "இனிமே உங்க கண்ணும் நீங்களும் சேர்ந்து வேலை பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அதன் பிறகு ரசமட்டம் தன் கண்ணுக்கு நேராகத் தெரியும்வரை தட்டித் தட்டித் தனியாகவே அந்த வரிசைகளைப் போட்டு முடித்தார். வக்கீல் வந்து பார்த்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"மேஸ்திரி, எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இந்தத் தரையப் பார்த்தா, குடிச்சா எப்படி இருக்கும்னு புரியுது."

வீட்டுக்கு வந்தவரிடம் மனைவி முதலில் கேட்டது, "எங்க என் தம்பி?" நடந்ததை அவர் தனக்குச் சாதகமாகத் திரித்துச் சொன்னார். அவள் அதைத் திரும்பப் பிரித்து உள்ளது உள்ளபடி புரிந்துகொண்டாள். இத்தனை வருடப் பழக்கம். கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"இடது கண்ண மூடுங்க. என் மூஞ்சி எப்படித் தெரியுது?"

அவர் மூடினார். பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நெத்தி இருக்கு. தாடை இருக்கு. மூக்கத்தான் காணோம். யாரோ கட்டை விரலால தேய்ச்சு விட்ட மாதிரி இருக்கு."

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளாத்தான். தூசி விழுந்திருக்கும்னு நெனச்சேன்."

"பொண்டாட்டிக்கு மூக்கு இல்ல, தூசியாம்! கெளம்புங்க."

கண்ணாடிக் கடைக்காரர் பெட்டியில் இருந்த வில்லைகளை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இது கண்ணாடியில தீர்ற விஷயம் இல்லண்ணே. முன்பக்கம் சுத்தமா இருக்கு. கோளாறு பின்னாடி, விழித்திரையில. அதுக்குன்னே டாக்டர் இருக்காங்க. தள்ளிப் போடாதீங்க."

விழித்திரை மருத்துவமனையில் கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். எரிந்தது. சிறிது நேரத்தில் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கருமணி விரிந்து, வரிசையாக ஆந்தைகளை உட்கார வைத்தது போல இருந்தது. வந்த நர்ஸுகள் எல்லோரும் "சுகர் இருக்கா?" என்று கேட்டார்கள். மூன்றாவது நர்ஸிடம் ரசமட்டம், "இல்லம்மா. வேணும்னா வாங்கிட்டு வரட்டுமா?" என்றார். மனைவி தொடையில் கிள்ளினாள்.

டாக்டர் ஒரு குள்ளமான பெண்மணி. நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார், சுரங்கத்துக்குள் இறங்கப் போகிறவர் போல. முதலில் கட்டம் போட்ட ஓர் அட்டையை நீட்டி, வலது கண்ணால் மட்டும் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார்.

"கட்டம் எப்படி இருக்கு?"

ரசமட்டத்துக்கு உள்ளே இருந்த மேஸ்திரி விழித்துக்கொண்டார். "எவன் போட்டான் இத? நடுவுல எல்லாம் உள்வாங்கியிருக்கு. ஓரம் பரவாயில்ல. இந்த ஆள வேலைய விட்டு நிறுத்துங்க டாக்டர்."

"இது அச்சுல அடிச்சது. இப்ப இடது கண்ணால பாருங்க."

பார்த்தார். கட்டங்கள் விறைப்பாக வரிசையில் நின்றன. வலது கண்ணால் பார்த்தார். உள்வாங்கின. மறுபடி இடது. மறுபடி வலது.

டாக்டர் அவர் தாடையை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொல்லி, கையில் சிறிய வில்லையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கோடாக ஒரு வெளிச்சத்தைக் கண்ணுக்குள் விட்டார். "இந்தக் கோடு எப்படித் தெரியுது?"

"நடுவுல அறுந்திருக்கு."

"அதான் விஷயம்" என்றார் டாக்டர், நல்ல சேதி சொல்கிறவர் போல. பிறகு பக்கத்து அறையில் ஸ்கேன் எடுத்து வந்து திரையில் காட்டினார். கண்ணின் பின்பக்கத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்குமோ அப்படி, அடுக்கடுக்காகப் பட்டை பட்டையாக ஒரு படம். சரியாக நடுவில் அடுக்குகள் இரண்டு பக்கமும் விலகி நின்றன.

"கண்ணுக்குள்ள ஜெல்லி மாதிரி ஒண்ணு இருக்கும். வயசாக ஆக அது சுருங்கும். சுருங்கும்போது எல்லாருக்கும் விழித்திரைய நல்லபடியா விட்டுட்டு வந்துடும். உங்களுக்கு விழித்திரையோட நடுவுல ஒட்டிக்கிட்டு இழுத்திருக்கு. இழுத்ததுல ஓட்டை. எழுத்துப் படிக்கிறது, முகம் பார்க்கிறது, கோடு பார்க்கிறது எல்லாமே அந்த நடுப்புள்ளியிலதான்."

"ஓட்டைன்னா..."

"பொத்தல்" என்றார் டாக்டர்.

மனைவி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

மருத்துவம் என்னவென்று கேட்டபோது டாக்டர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். கண்ணில் ஊசி நுழைகிற அளவு துளைகள் போட்டு ஜெல்லியை எடுப்பார். ஓட்டையைச் சுற்றி விழித்திரையின் மேல் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத ஒரு தோலைச் சாயம் பூசி உரிப்பார். பிறகு உள்ளே வாயு அடைப்பார். அந்தக் குமிழி மேலே மிதந்து ஓட்டையை அழுத்திக்கொண்டிருந்தால் விளிம்புகள் சேரும்.

"ஓட்டை இருக்கிறது கண்ணோட பின்பக்கம். குமிழி மேல்பக்கம்தான் போகும். அப்ப பின்பக்கம் மேல வரணும்னா?"

ரசமட்டம் யோசித்தார். "நான் குப்புறக் கெடக்கணும்."

"ஒரு வாரம். சாப்பிடும்போதும் குனிஞ்சுதான், தூங்கும்போதும் குப்புறத்தான். அப்புறம் வாயு கரையற வரைக்கும் விமானத்துல ஏறக்கூடாது."

"நான் இதுவரைக்கும் ஏறினதே இல்ல டாக்டர்."

"அப்ப அது சுலபம்."

"பழைய பூச்சச் சுரண்டி, ஒட்ட வச்சு, காயற வரைக்கும் மிதிக்காம பாத்துக்கணும். எங்க வேலைதான இது" என்று ரசமட்டம் வெளியே வந்ததும் மனைவியிடம் அளந்தார். ஆனால் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது அவர் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "சேரலன்னா என்ன பண்றது?" என்றார். அவள், "சேரும்" என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியாது.

ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை. கலங்கிய தண்ணீரில் குச்சி விட்டு ஆட்டுவது போல நிழல்கள் போய்வந்தன. டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். சும்மா கிடக்க முடியாமல் ரசமட்டம், "ஓரத்துல இருந்து உரிச்சா சுலபமா வரும் டாக்டர்" என்றார்.

முணுமுணுப்பு நின்றது. "மேஸ்திரி, நீங்க பேசினா தலை ஆடும். தலை ஆடினா நான் உரிக்கிறது வேற எதுவாவது இருக்கும்."

அதற்குப் பிறகு அவர் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டார்.

வீட்டில் இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, சுருட்டிய துண்டில் நெற்றியை வைத்து, ரசமட்டம் தரையைப் பார்த்துக் கிடந்தார். பார்க்க வேறு எதுவும் இல்லை. அது அவரே போட்ட தரை. ஊரார் வீடுகளில் மிஞ்சிய டைல்களைக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டா வெறுப்பாக ஒட்டியது. பச்சைக்குப் பக்கத்தில் ரோஜா, அதற்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் குளியலறையின் மீன் படம். அடுப்படி வாசலில் ஒரு டைல் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. நன்றாக இருந்த இடது கண்ணுக்கு ஒன்றும் தப்பவில்லை.

மனைவியின் பாதங்கள் அந்த வாசல் வழியாகப் போயின, வந்தன. ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பருகே வந்ததும் வலது கால் தானாகக் கொஞ்சம் தூக்கித் தாண்டியது. அவள் கீழே பார்க்கவில்லை. கையில் தட்டோ குடமோ இருந்தது. கட்டை விரல் நகம் எப்போதோ இடித்து இரண்டாகப் பிளந்து அப்படியே வளர்ந்திருந்தது. இத்தனை வருடம் "அந்தக் கல்லச் சரி பண்ணுங்க" என்று அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த நகம் கண்ணில் பட்டதில்லை.

"அந்த வாசல் கல்லு இடிச்சுதா உனக்கு?" என்று தரையைப் பார்த்தே கேட்டார்.

"எப்ப?"

"எப்பவாவது."

"கண்ணு சரியாகட்டும், அப்புறம் கண்டுபிடிங்க" என்று அவள் போய்விட்டாள்.

வாரத்தின் பாதியில் புதிதாக ஒரு ஜோடிக் கால்கள் வந்து எதிரே நின்றன. நகக்கண்ணில் சிமெண்ட், முட்டியில் தேய்ந்த கால்சட்டை. ரசமட்டத்துக்கு முகம் பார்க்கத் தேவைப்படவில்லை.

"சாப்ட்டாச்சா மாமா?"

"ம்."

கால்கள் இடம் மாறி நின்றன. தொண்டையைச் செருமும் சத்தம். "இந்தத் தரைய யாரு போட்டது மாமா? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்."

"தெரியும்ல, அப்புறம் என்ன கேள்வி?"

"கோடு எல்லாம் ஊருக்குப் போற மாதிரி போகுது."

ரசமட்டம் பல்லைக் கடித்தார். ஆனால் குனிந்து கிடக்கிறவனுக்கு வீம்பு அதிக நேரம் தாங்காது, கழுத்து வலிக்கும். "மாப்ள, அன்னைக்கு நான் பேசினது தப்பு. நாலு பேர் முன்னாடி பேசினது அதவிடத் தப்பு. கோடு நேராத்தான் இருந்திருக்கு. பொத்தல் எனக்குத்தான்."

எதிரே இருந்த கால்விரல்கள் மடங்கி விரிந்தன. பிறகு மைத்துனனின் குரல் தழுதழுத்தது. அழுகை என்று நினைத்தார். சிரிப்பு.

"மாமா, நீங்க என் கால்ல விழுந்து மன்னிப்புக் கேப்பீங்கன்னு நான் கனவுலகூட நெனக்கல."

"விழலடா! டாக்டர் சொல்லிக் கெடக்குறேன்!"

"பார்க்கிறவங்களுக்கு அதெல்லாம் தெரியுமா? அக்கா, போன எடுத்துட்டு வா, ஒரு போட்டோ எடுக்கணும்!"

எடுத்தும்விட்டான். எடுத்த பிறகு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தலையை வளைத்து அடியிலிருந்து அவர் முகத்தைப் பார்த்தான். கண் சிவந்து வீங்கியிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. "ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"இல்லடா. உள்ள என்னவோ குமிழி ஆடுது. தல அசைஞ்சா அதுவும் அசையுது."

"இப்பத்தான் மாமா நீங்க நெஜமாவே ரசமட்டம்."

மறுநாளிலிருந்து அவன் தினமும் வேலை முடித்து வந்தான். வாரம் முடிவதற்குள் அடுப்படி வாசலைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டான், லேசர் வைத்து, அவர் மூக்குக்குக் கீழேயே. ரசமட்டம் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவன் காதில் வாங்கியிருக்க மாட்டான்.

சில வாரங்கள் கழித்து டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அடுக்குகள் நடுவில் ஒன்று சேர்ந்திருந்தன. "மூடிடுச்சு" என்றார். முன்பு எழுத்தே தெரியாத பலகையில் இப்போது ரசமட்டம் பாதி வரிசைகளைப் படித்தார். கட்டங்களில் இன்னும் லேசான தொய்வு இருந்தது. அது முழுக்கப் போகாமலும் இருக்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "அப்புறம், இந்த ஆபரேஷன் பண்ணினா புரை சீக்கிரம் வரும். வந்தா மேல் மாடிக்குப் போங்க, அங்க இருக்கிற புரை டாக்டர் எடுப்பார்."

"அதுக்கும் குப்புறப் படுக்கணுமா?"

"வேண்டாம். பேசாம இருந்தா போதும்."

"அதுதான் கஷ்டம்" என்றாள் மனைவி.

மருந்து வாங்க அவள் வரிசையில் நின்றபோது ரசமட்டம் கூடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பருத்த மனிதர், கையில் ஆபரேஷன் தேதி எழுதிய சீட்டோடு, வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். கண்ணில் கட்டோடு போன யாரோ அவரைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

"உங்களுக்கும் பொத்தலா?" என்றார் ரசமட்டம்.

"ஆமாங்க. ஒரு வாரம் குப்புறப் படுக்கணுமாம். ரொம்ப வலிக்குமா?"

"கண்ணு வலிக்காது. கழுத்து வலிக்கும். சுருட்டின துண்டு ரெண்டு வச்சுக்கோங்க, நெத்திக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு. பேசறவங்க பேசுவாங்க, காதப் பொத்திக்கோங்க." சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல மச்சான் யாராவது உண்டா?"

"மூணு பேர்."

"அடக் கடவுளே" என்று ரசமட்டம் தன் நாற்காலியை அவர் பக்கமாக நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டார்.