மாவில் ஐந்து விரல்

எலி பிடிக்க ஆள் வேண்டுமென்றால் அந்தத் தெருவில் எல்லாரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முப்பது வருடத் தொழில். மாலையில் சுவரோரம் மாவைத் தூவிவிட்டுப் போவார். காலையில் கால்தடத்தைப் பார்த்து, வந்தது யாரென்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குத் தலைக்கனம் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டுமே!

விறகு அடுக்குக்குள் ஏதோ சரசரக்கிறது என்று பேக்கரிக்காரர் கூப்பிட்டிருந்தார். கடையின் பின்பக்கம் தூவிய மாவைக் குனிந்து பார்த்ததும், "அஞ்சு விரல். பெருச்சாளியோட பின்னங்கால்," என்று அடித்துச் சொன்னார். விஷ உருண்டையும் கையுமாக விறகை நெருங்கினார்.

"வைக்காதீங்கப்பா," என்றாள் மகள். போன மாதம்தான் அவருடன் தொழிலுக்கு வந்தவள். "அது முள்ளெலி."

பேக்கரிக்காரர் சிரித்துவிட்டார். "என்னண்ணே, வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சியா?"

அவருக்குச் சுருக்கென்றது. "எதை வெச்சும்மா சொல்ற?"

"பெருச்சாளிக்கு முன்னங்கால்ல நாலு விரல்தானே பதியும்? இங்க நாலு விரல் தடம் ஒண்ணாவது காட்டுங்க பாப்போம்." கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். "இது அதோட புழுக்கை. உடைச்சுப் பாத்தேன், பூரா வண்டு ஓடு. பகலெல்லாம் சுருண்டு தூங்கும். இருட்டினா கிளம்பி வண்டு, நத்தைன்னு தேடித் திங்கும். மாவு மூட்டைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். சுவர் நெடுகத் தவழ்ந்து எண்ணினார். எல்லாமே ஐந்து. முதல் தடத்தைப் பார்த்ததுமே நிமிர்ந்துவிட்டது அவருடைய அனுபவம்! விறகின் இடுக்கில் டார்ச் அடித்தார். காய்ந்த இலைப் படுக்கையில் முட்பந்தாகச் சுருண்டு கிடந்தது தாய். அதன் பக்கத்தில் வெள்ளை முள்ளோடு நான்கு குட்டிகள். கையிலிருந்த விஷ உருண்டையைப் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார்.

"குட்டிங்க பெருசாகிப் போற வரைக்கும் இந்த விறகைத் தொடாதீங்க," என்றாள் மகள்.

பேக்கரிக்காரர் தலையாட்டிவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க சொன்னது தப்பாண்ணே?"

முப்பது வருடத்தில் ஒருவரும் அவரிடம் கேட்காத கேள்வி. அவர் எழுந்து முழங்கால் மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார். பெருமை தாங்காமல் முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"தப்புதான்! நான் பாத்தது சுத்தத் தப்பு! கண்டுபிடிச்சது என் பொண்ணு!" என்றார், பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி.