பதினான்காம் அறையின் புகார்

1
இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. விடுதியில் எந்த அறையில் சிக்னல் இல்லை என்று கேட்கும் படிவம். போனிலேயே நிரப்பி அனுப்பலாம். விடுதி மாணவர் பிரதிநிதியாக அதைத் தயாரித்தவன் நான். பாராட்டும் வாங்கினேன்.

2
முதல் தொடக்கம்: ‘கான்கிரீட் சுவர்களுக்குள் அவனுடைய தனிமை…’

(வேண்டாம். சுவர்மேல் பழி போடுவது எனக்கு வசதி.)

இரண்டாவது: கீழ்த்தளத்துப் பதினான்காம் அறைக்காரனுக்கு ‘ஜன்னல்’ என்று பட்டம். ஒரு கோடு சிக்னலுக்காகக் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, நிற்காத பஸ்ஸை நிறுத்துகிறவன்போல் நிற்பான்.

3
அவன் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. பரீட்சை இருந்ததால் அவன் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா மட்டும். முடிந்ததும் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் சிக்னல் பூஸ்டர் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தவனும் நான்.

4
வந்தது. மாட்ட வந்த டெக்னீஷியன் படிவங்களைப் பார்த்தார். மூன்றாம் மாடியிலிருந்து நாற்பது புகார்.

“கீழ யாருக்கும் பிரச்சினையே இல்ல போல தம்பி. ஒருத்தர்கூட எழுதலையே.”

தலையாட்டினேன். மூன்றாம் மாடியில் மாட்டிவிட்டு ஏணியை மடித்தார். சிக்னல் இருந்தவனால்தான் சிக்னல் இல்லை என்று சொல்ல முடிந்தது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

(அடிக்குறிப்பு: நாற்பதில் ஒன்று என்னுடையது. மூன்றாம் மாடியில் என் அறையில், போனில் படம் நின்று நின்று ஓடியது.)

கீழேவரை எட்டுமா என்று ஜன்னல் கேட்டான். எட்டும் என்றேன். யாரையும் கேட்காமலே சொன்னேன்.

5
நான்கு மணிக்கு முடிய வேண்டிய அறுவை சிகிச்சை. ஐந்தரைவரை அறையிலேயே போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு மாடிக்கு ஓடினான், பின்னாலேயே நான். பூஸ்டருக்கு அடியில் நின்றதும் வந்து விழுந்தன: அக்காவின் பதினொரு மிஸ்டு கால். கூடவே, மூன்று வாரமாகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்த அவனுடைய புகார்ப் படிவமும் போய்ச் சேர்ந்தது. ‘உங்கள் புகார் பதிவானது. நன்றி.’ அந்த நன்றியும் நான் எழுதியதுதான்.

திரையை என்னிடம் காட்டினான். “போயிருச்சு, பாரு,” என்றான். கோபமே இல்லை.

6
ஒரு முடிவில் அப்பா கண் விழித்து, பரீட்சை எப்படி என்று கேட்கிறார். இன்னொன்றை எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நல்லதென்றால் என்னை மன்னித்துவிடுவீர்கள். கெட்டதென்றால் அவனுக்காக அழுதுவிட்டு என்னை மறந்துவிடுவீர்கள்.

ஆகவே இதோடு நிறுத்துகிறேன்: ஸ்பீக்கரைப் போட்டு அக்காவைக் கூப்பிட்டான். எடுத்தாள்.

“இவ்வளவு நேரம் எங்கடா போன?”

அவன் போனை என்னிடம் நீட்டினான்.

நான் அதை உங்களிடம் நீட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள்தான் இப்போது அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.