இரண்டாவது பிரேக்

ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டீச்சரின் கணவருக்குக் கார் ஓட்ட வராது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே அந்த வட்டாரத்தில் கிடையாது. மளிகைக் கடைக்காரர் சிரிப்பார், முடிவெட்டுகிறவர் சிரிப்பார். டீச்சரிடம் படித்துவிட்டு டெஸ்டில் திரும்பத் திரும்பக் கோட்டைவிட்டவர்கள்கூட, "நமக்குத் துணைக்கு ஒருத்தர் இருக்கார்" என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள்.

வராது என்றால் தெரியாது என்று அர்த்தமில்லை. கல்யாணமான புதிதில் டீச்சரே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். முதல் தடவையிலேயே டெஸ்டில் தேறினார். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்ப்பவர், எதையும் அளந்து நிதானமாகச் செய்கிற கை. ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே ஒரு நாற்சந்தியில், பச்சை விழுந்த நேரம் பார்த்து, க்ளட்ச்சிலிருந்து காலைச் சட்டென்று எடுத்துவிட்டார். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. ஸ்டார்ட் செய்தார், மறுபடி நின்றது. பின்னால் ஹார்ன் காதைப் பிளந்தது. ஒரு லாரிக்காரர் தலையை நீட்டி, "யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று கத்தினார். வீட்டில் சொல்லவேண்டியவள் பக்கத்து சீட்டிலேயேதான் உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கி, சுற்றி வந்து, இடம் மாற்றிக்கொண்டார். அதற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லை.

லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துவிடுவார். மருந்துக்காரர் அல்லவா, காலாவதியான எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்.

கியர் போடவே தேவையில்லாத கார்கள் வந்தபோது டீச்சர் ஒருமுறை மெல்லப் பேச்செடுத்துப் பார்த்தாள். "க்ளட்ச் இல்லன்னா என்ன, எஞ்சின் இருக்குல்ல" என்றார் அவர். "சிக்னல்ல நிக்கும்போது அது கிடந்து துடிக்குது பாரு, அந்தத் துடிப்புதான் எனக்கு ஆகாது. இப்ப நின்னுடுமோ, இப்ப நின்னுடுமோன்னே இருக்கும்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டீச்சருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசைகள் கிடையாது. இருந்தது ஒன்றே ஒன்று. அவள் உட்காரும் பக்கத்து சீட்டின் கீழே, மாணவர்களுக்காக வைத்த இரண்டாவது பிரேக் ஒன்று உண்டு. அதன்மேலேயே அவள் வலது கால் வருஷக்கணக்காகக் குடியிருந்தது. எந்தச் செருப்பு வாங்கினாலும் வலதுதான் முதலில் தேயும். பஸ்ஸில் போனாலும் கால் தானாகத் தரையை அழுத்தும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் ஓட்டவேண்டும். தான் பக்கத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலை மடக்கி சீட்டில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பராக்குப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். இவ்வளவுதான். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அந்த மனுஷர் குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார், அதைப் பார்க்க அவளால் முடியாது.

அந்த ஆசைக்கு உயிர் வந்தது ஒரு சிக்னலில். மாணவி ஒருத்தி எஞ்சினை நின்றுபோக விட்டுவிட்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டாக்ஸி. சத்தமே இல்லை. டீச்சருக்கு வாய் சும்மா இருக்குமா? கண்ணாடியை இறக்கி, "அண்ணே, உங்க வண்டியும் நின்னுபோச்சு" என்றாள்.

டாக்ஸிக்காரர் சிரித்தார். "நின்னுபோகல டீச்சர், அதுவா நிறுத்திக்கிச்சு. ஹைப்ரிட். இப்ப பாருங்க." பச்சை விழுந்தது. டாக்ஸி ஒரு முனகல்கூட இல்லாமல் நழுவிப் போனது.

டீச்சர் அது போன திசையையே பார்த்தாள். எஞ்சின் தானாகவே நின்றுவிடுகிறது! முதலிலேயே நின்றுவிட்ட ஒன்று இனிமேல் எப்படி நிற்கும்? அவர் பயப்பட என்ன மிச்சம் இருக்கிறது? மாணவி பின்னால் கேட்ட ஹார்னுக்கு நடுங்கிக்கொண்டிருக்க, டீச்சர் மட்டும் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாப்பிடும்போது வாய் தவறி உண்மை வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, "டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு ஹைப்ரிட் வாங்கலாமான்னு பார்க்கிறேன்" என்றாள்.

அவ்வளவுதான், மருந்துக்காரர் பிடித்துக்கொண்டார். புது மருந்து வந்தால் உள்ளே இருக்கும் பொடி எழுத்துத் தாளைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள். பேட்டரி எத்தனை காலம் தாங்கும், வெயிலில் என்ன ஆகும், குளிரில் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரே கதியென்று கிடந்தார். கார் ஓட்டாத மனுஷர் காரைப் பற்றி இப்படி அலசுவதைப் பார்க்க டீச்சருக்குச் சிரிப்பும் வந்தது, ஆசையும் வந்தது.

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் டீச்சரின் தம்பி போனிலேயே எகிறினான். "அக்கா, உனக்கென்ன பைத்தியமா? அது பெட்ரோல் வண்டியும் இல்ல, கரண்ட் வண்டியும் இல்ல. ரெண்டுங்கெட்டான். ரெண்டு எஞ்சின் சமாச்சாரம், ரெண்டு தலைவலி."

"உன் மச்சான் ரெண்டு தலைவலிக்கும் மாத்திரை வச்சிருக்கார்டா" என்று போனை வைத்தாள்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனார்கள். விற்பனை அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மடமடவென்று காரின் பெருமைகளை அடுக்க ஆரம்பித்தவரை மருந்துக்காரர் கை காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. இது யாருக்கு ஒத்துக்காது, அதைச் சொல்லுங்க."

அந்த அம்மாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி அவருக்கு வந்ததில்லை போலிருக்கிறது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு நிஜத்தையே சொன்னார். "நெடுஞ்சாலையில ஒரே ஓட்டமா ஓட்டுறவங்களுக்குப் பெரிசா லாபம் இல்ல சார். ரொம்பக் கம்மியா ஓட்டுறவங்களுக்கும் கூடுதலாக் கொடுத்த காசு திரும்ப வர்றது கஷ்டம். ஊருக்குள்ள நின்னு நின்னு போறவங்களுக்குத்தான் இது. பிரேக் போடும்போதெல்லாம் பேட்டரியில சார்ஜ் ஏறும்."

"பிரேக் போட்டா ஏறுமா?" மருந்துக்காரர் டீச்சர் பக்கம் திரும்பினார். கண்கள் பளபளத்தன. "அப்ப உன் பசங்களுக்குன்னே செஞ்ச வண்டி! அவங்க பிரேக்கைத் தவிர வேற என்னத்தை மிதிக்கிறாங்க?"

டீச்சர் தலையாட்டினாள். உள்ளே மட்டும் சுருக்கென்றது. இவர் தன்னைத் தவிர மற்ற எல்லோரையும் அந்த ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்துப் பார்க்கிறாரே.

ஓட்டிப் பார்க்கக் காரை ஷோரூம் முற்றத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லைசென்ஸ் கேட்டார்கள். டீச்சர் தன்னுடையதை நீட்டினாள், அவரும் கூடவே தன்னுடையதைக் கையில் எடுத்தார். விற்பனை அம்மாள் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். "வாங்க டீச்சர், ஓட்டிப் பாருங்க" என்றார். டீச்சர் விறுவிறுவென்று போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, பின்பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ம், கிளம்பலாம்" என்றாள்.

யாரும் கிளம்பவில்லை.

திரும்பிப் பார்த்தாள். டிரைவர் சீட் காலியாக இருந்தது. காலமெல்லாம் உட்கார்ந்த பழக்கத்தில் நேராகப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்! பின்னால் விற்பனை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே நின்ற மருந்துக்காரருக்குத் தோள் குலுங்கியது. டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இறங்கலாம் என்று பெல்ட்டில் கை வைத்தாள்.

"அப்ப யாரு ஓட்டுறது?" என்றார் விற்பனை அம்மாள் சிரிப்பு அடங்காமல். "சார், உங்ககிட்டயும் லைசென்ஸ் இருக்கே?"

சிரித்துக்கொண்டிருந்த மருந்துக்காரரின் முகம் அப்படியே நின்றது. டீச்சருக்கு வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று மட்டும் தெரிந்தது. பெல்ட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையிலிருந்த லைசென்ஸைப் பார்த்தார். பிறகு சுற்றி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார்.

"சும்மா வாசல் வரைக்கும்தான்" என்றார்.

பட்டனை அழுத்தினார். எதுவும் கேட்கவில்லை. "ஸ்டார்ட் ஆகலியே?" என்றார். "ஆயிடுச்சு சார்" என்றது பின் சீட். பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். கார் ஊர்ந்தது. வாசல் வந்தது. வாசலைத் தாண்டியது. டீச்சரின் வலது கால் பிரேக் இல்லாத இடத்தில் கால்மிதியைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது.

முதல் திருப்பம் போனது. இரண்டாவது திருப்பமும் போனது. எதிரே நாற்சந்தி. சிவப்பு விழுந்தது. அவர் நிறுத்தினார். அதுவரை லேசாக இரைந்துகொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கிப்போனது. வண்டிக்குள் ஒரே நிசப்தம்.

"நின்னுபோச்சு!" என்றார் அவர். நெற்றியில் வேர்வை முத்துமுத்தாக நின்றது.

இந்த இடத்தில் டீச்சர் அமைதியாக இருந்திருக்கவேண்டும். விஷயம் தெரிந்தவள், டாக்ஸியைப் பார்த்தவள், இதற்காகவே திட்டம் போட்டவள். ஆனால் ஊறிப்போன தொழில் அவளை விடவில்லை. "பதறாதீங்க! க்ளட்ச்சை மிதிங்க! நியூட்ரல்! நியூட்ரல்!" என்று கத்திக்கொண்டே வெறுந்தரையை ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

அவர் குனிந்து கீழே தேடினார். "க்ளட்ச் எங்கேடி இருக்கு?"

"இல்லவே இல்ல!" என்று பின் சீட் அலறியது. "நிக்கவும் இல்ல! ரெண்டு பேரும் சும்மா இருங்க!"

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். அதே சத்தம். டீச்சர் கண்களை மூடிக்கொண்டாள். இப்போது இறங்கிவிடுவார், சுற்றி வருவார், கதவைத் திறப்பார். முதுகு சீட்டோடு மெல்ல அழுந்தியது. கண்ணைத் திறந்தாள். நாற்சந்தி பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"போகுது!" என்றார் அவர். அப்புறம் இன்னும் பலமாக, "டீச்சர், போகுது!"

டீச்சர் திரும்பி, பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்த நாற்சந்தியைப் பார்த்தாள்.

அதற்குமேல் மனுஷரைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த சிக்னல் பச்சையாக இருந்ததற்கு வருத்தப்பட்டார். "சிவப்பு விழக்கூடாதா? இன்னொரு தடவை நிக்கணும்" என்றார். சிவப்புக்காக ஏங்கிய டிரைவரை டீச்சர் அன்றுதான் பார்த்தாள். திரையில் பேட்டரி ஏறுவதைக் கண்டுபிடித்துவிட்டு, "ஒரேயடியா மிதிச்சா கம்மியா ஏறுது, கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தா நல்லா ஏறுது. மருந்து மாதிரிதான்" என்று விளக்கம் வேறு.

ஷோரூமுக்குத் திரும்பி மேஜை முன் உட்கார்ந்தார்கள். விற்பனை அம்மாள் விவரங்களைப் பதிந்துகொண்டே, "டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா இரண்டாவது பிரேக் பொருத்தணும், இல்லையா?" என்று கேட்டார்.

"பின்ன? கட்டாயம்" என்றார் மருந்துக்காரர்.

"வேண்டாம்" என்றாள் டீச்சர்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஸ்கூலுக்குப் பழைய வண்டியே போதும். பசங்க க்ளட்ச் பழகணும்" என்றாள். "இது ஸ்கூலுக்கு இல்லங்க. நான் பொய் சொல்லிட்டேன்."

"பின்ன யாருக்கு?"

"எனக்கு. நீங்க ஓட்டணும். நான் பக்கத்துல சும்மா உக்காந்து வரணும்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். குற்றவாளி முகம் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. வரவில்லை. மேஜையிலிருந்த விவரத் தாளை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். "வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்னா போட்ட காசு திரும்ப வராதுன்னு இந்த அம்மாவே சொல்லிட்டாங்களே" என்றார்.

"வராதுதான்" என்றாள் டீச்சர்.

"வராட்டிப் போகுது." ஆர்டர் படிவத்தை இழுத்து, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பொடி எழுத்தைப் படிக்காமல் அவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. பிறகு எழுந்து, விற்பனை அம்மாளிடம் கையை நீட்டினார். "அந்தச் சாவியை இன்னொரு தடவை கொடுங்கம்மா. ஒரே ஒரு ரவுண்டு."

டீச்சர் பக்கத்து சீட்டில் ஏறினாள். பின்பக்கக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். குனிந்து செருப்புகளைக் கழற்றி, வலதையும் இடதையும் சேர்த்து ஓரமாகத் தள்ளினாள். காலை மடக்கி சீட்டில் வைத்துக்கொண்டாள். வண்டி வாசலைத் தாண்டியது. முன்னால் போன வேனை அவர் கொஞ்சம் நெருங்கியே விட்டார். "பார்த்து" என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தினமும் வந்து போகிற தெருதான். அந்த மூலை வீட்டு மாடியில் இவ்வளவு பெரிய பூச்செடி இருப்பதை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.