நாற்பத்தொரு கிலோமீட்டர் மைதானம்

மலினோவாட்ஸ் ஊரின் ஸ்லோகா கால்பந்துக் கழக மைதானம் அறுபத்தெட்டு மீட்டர் அகலமும் நாற்பத்தொரு கிலோமீட்டர் நீளமும் கொண்டது. அகலம் எல்லா ஊரிலும் உள்ளதுதான். நீளம் மட்டும் 1983 மே 29-க்குப் பிறகு வந்தது. அதுவரை அதுவும் நூற்றைந்து மீட்டராக ஒழுங்காகத்தான் இருந்தது.

ஸ்லோகா என்றால் ஒற்றுமை. 1931-இல் எனாமல் பாத்திரத் தொழிற்சாலைக்காரர்கள் கழகத்தைத் தொடங்கிய கூட்டமே சட்டை நிறத்துக்காக அடிதடியில் முடிந்தது. அதனால்தான் இன்றும் சட்டையின் ஒரு கை பச்சை, மறு கை வெள்ளை. பிறகு சம்பளத்துக்கு ஆடுபவர்களை வைத்து, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் மூன்றாம் பிரிவிலேயே காலம் தள்ளினார்கள். அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சமனில் முடிந்தாலே போதும், இரண்டாம் பிரிவு. எண்பத்தெட்டாவது நிமிடம் வரை சமன்தான். அப்போது ஓரத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. கோல்கீப்பர் விதோயே ஏதோ கத்தினான். தடுப்பாட்டக்காரனும் அணித்தலைவனுமான மிலுத்தின் ஓடிவந்து எம்பி, தலையால் முட்டி, பந்தைச் சொந்த வலைக்குள்ளேயே அனுப்பினான்.

"'என்னுது'ன்னுதானடா கத்தினேன்!" என்றான் விதோயே, உடைமாற்றும் அறையில்.

"பொய் சொல்லாத. 'கூமே'ன்னு கூப்பிட்ட. கூம் கூப்பிட்டா வராம, கையக் கட்டிக்கிட்டு வேடிக்க பாக்கச் சொல்றியா?"

"உன் காதுல கோளாறு."

"உன் வாயில கோளாறு."

விதோயேவின் கல்யாணத்தில் சாட்சி நின்றவன் மிலுத்தின். சாட்சி நின்றவன் கூம் ஆகிறான். கூம் கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாது. அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பெயர் வைப்பவனும் அவன்தான். அவன் சொல்லித்தான் பெற்றவர்களுக்கே பெயர் தெரியும். ஆட்டம் முடிந்த ஒன்பதாம் நாள் விதோயேவுக்கு ஒரு பெண் பிறந்தாள். கூமை அழைக்க அவன் போகவில்லை. அழைக்காமல் மிலுத்தினும் வரவில்லை. இதை எங்கள் ஊரில் இனாத் என்போம். வீம்பு என்று சொன்னால் அதில் பாதிதான் வரும்.

"ரெண்டு பேரும் உங்க வீம்ப ஊறுகா போட்டு வெச்சுக்குங்க, நான் கேக்கல. புள்ளைக்கு ஒரு பேரு மட்டும் வாங்கிட்டு வாங்க" என்றாள் விதோயேவின் மனைவி போசில்கா. அவன் கையுறைகளை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். பிறப்புப் பதிவேட்டில் பெயருக்கான கட்டத்தில் எழுத்தர் பென்சிலால் ஒரு கோடு போட்டார். வீட்டில் அவளைச் சின்னது என்றார்கள்.

அடுத்த ஞாயிறு கோடு போடும்போது மைதானக்காரருக்குச் சுண்ணாம்பு இரண்டு சாண் குறைந்தது. இலையுதிர் காலத்தில் ஐம்பது காலடி குறைந்தது. கூம்கள் இருவரும் பேசாத ஒவ்வொரு வாரமும் மைதானம் வடக்கே நீண்டது. வடக்கு கோல்கம்பத்துக்குப் பின்னால் இருந்த ஒரே வீடு விதோயேவுடையது. அதுவும் பிளம் மரங்களோடும் கோழிக்கூண்டோடும் சேர்ந்து போயிற்று. 1987-இல் சட்டைக் கைகளின் நிறத்தை வைத்துத்தான் அவனால் தன் அணியை அடையாளம் காண முடிந்தது. 1990-இல் அதுவும் முடியவில்லை. அதே ஆண்டு சின்னதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டி, போசில்கா அவளோடு ஊருக்குள், தன் தங்கை வீட்டுக்குக் குடிபோனாள்.

இடைவேளையில் பக்கம் மாறுவதை சம்மேளனம் கடிதம் மூலம் ரத்துசெய்தது. வடக்கு கோல் வரை எந்த அணியும் வந்து சேராததால் ஸ்லோகா உள்ளூரில் தோற்கவே இல்லை. வெளியூருக்கு வேறொரு கோல்கீப்பர் போய், எல்லா ஆட்டத்திலும் தோற்று வந்தான். கணக்கு நேராகி, கழகம் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. தொழிற்சாலை மூடிய பிறகும் அப்படியேதான். ஞாயிறுதோறும் விதோயே கையுறை மாட்டி, தொண்ணூறு நிமிடம் தன் கோலில் நிற்பான். முடிவைத் தபால்காரர் செவ்வாய்க்கிழமை வந்து சொல்வார். ஜெயித்திருந்தால் அவன் செவ்வாய்க்கிழமை, தனியாக, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதிப்பான். அப்படிக் குதிக்கும்போதுதான் தனிமை அவனை அதிகம் வாட்டியது.

சின்னது மாதம் ஒருமுறை சைக்கிளில் ரொட்டி கொண்டுவந்தாள். ஊருக்குள் அவளைக் கண்டால் மிலுத்தின் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவான். 2002 செப்டம்பரில் அவள் வந்தபோது ரொட்டிப் பையைக் கீழே வைக்கவில்லை.

"அப்பா, பேருக்குப் பதிலா கோடு போட்ட ஆளுக்கெல்லாம் பாஸ்போர்ட் தர முடியாதுங்கறான்."

"எதுக்குப் பாஸ்போர்ட்?"

"லின்ஸ் ஊருக்கு. ஆஸ்பத்திரில வேல இருக்கு."

"இங்க என்ன கொறச்சல்?"

"இங்க நீளத்தத் தவிர என்ன இருக்கு?"

விதோயே கோல்கம்பத்தில் சாய்ந்துகொண்டான். "பேரு கெடச்சா போயிடுவ."

"ஆமாப்பா. போயிடுவேன்."

பெயர் இல்லாதவரை அவள் மாதாமாதம் வருவாள். அன்று முழுவதும் அவன் மனத்தில் ஓடியது அது ஒன்றுதான். இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். ஆட்டம் முடிந்த இரண்டு நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிட்டது: அன்று பந்து வந்தபோது பயத்தில் அவன் வாயில் வந்தது 'கூமே' தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், கூமை அழைக்கும் மரக்குடுவையில் பிளம் சாராயம் நிரப்பி, அதன் வாயில் துளசிக் கொத்தைச் செருகி, கோலை விட்டு இறங்கி நடந்தான். நடுவட்டத்தில் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றான். சுற்றிப் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. பாதிவழியிலேயே திரும்பிவிடலாமா என்று இரண்டு முறை எழுந்து, இரண்டு முறையும் தெற்கே திரும்பினான். பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தபோது மிலுத்தின் முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தான். தலை பாதி வழுக்கையாகியிருந்தது.

"கூமே" என்றான் விதோயே, வாசற்கதவுக்கு வெளியே நின்று.

மிலுத்தின் திரும்பவில்லை. "என்ன சொன்ன?"

"கூமேன்னேன். அன்னைக்கும் அதத்தான் சொன்னேன்."

மிலுத்தின் ஒரு மிளகாயைப் புரட்டிப் போட்டான். "அதச் சொல்ல பத்தொன்பது வருஷமாடா? உள்ள வந்து தொல. மொளகா கருகுது."

குடுவை இரண்டு முறை கைமாறியது. பிறகு கூம் பெயரைச் சொன்னான். ஆட்டம் தோற்ற ஒன்பதாம் நாள், கோபம் உச்சத்தில் இருந்தபோதே முடிவுசெய்து, சொந்த மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்த பெயர்: விதோசாவா. இப்போது கிழவிகளுக்கு மட்டுமே உள்ள பெயர் அது. விதோயேவின் பெயரை உள்ளே வைத்த பெயர். விதோயே மிளகாய்ப் புகையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். மிலுத்தின் அவனுக்கு ஒரு மிளகாயின் தோலை உரித்துக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நடந்தது. கைக்குழந்தையைத் தூக்கிப் பழகிய பாதிரியார் திணறியதால் அவளே குனிந்து தலையைக் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் வந்தது. அடுத்த வியாழக்கிழமைப் பேருந்தில் அவள் போனாள். மைதானம் சுருங்கிவிடும் என்று ஊரில் பலர் பந்தயம் கட்டியிருந்தார்கள். மைதானக்காரர் சங்கிலி பிடித்து அளந்தார்: நாற்பத்தொரு கிலோமீட்டர், ஒரு சாண் கூடவுமில்லை, குறையவுமில்லை. வழக்கமான அளவுக்குச் சுண்ணாம்பு வாங்கிவரச் சொன்னார்கள். மிலுத்தினுக்கு முழங்கால் வலி. ஆண்டுக்கு இருமுறைதான் வடக்கே வர முடிகிறது. ஞாயிறு ஆட்டம் இருந்ததால் விதோயே தன் கோலுக்கே திரும்பிப் போனான்.

வடக்கு முனைக்குத் தொலைபேசிக் கம்பி வந்த வாரத்தில் மணி அடித்தது.

"விதோசாவா பேசறேன்" என்றது ஒரு பெண்குரல்.

அவன் கையுறையைக் கழற்றி, யோசித்துப் பார்த்தான். அந்தப் பெயரில் தனக்குத் தெரிந்தவர் யாரும் நினைவுக்கு வரவில்லை.

"எந்த விதோசாவா?"



"சின்னதுப்பா" என்றாள்.